மேல் வீட்டு ‘டொக் டொக்’

“அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?”

இப்படித் தொடங்கும் கேள்வி எதுவும் நல்லபடியாக முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

கேட்டது ஜெயந்தி. அரியாங்குப்பத்தில் நாங்கள் குடியிருப்பது மாடி. எங்களுக்கு நேர் கீழே ஜெயந்தியின் வீடு. நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. காலையில் வந்து, சமைத்து, வீட்டை ஒழித்துப்போட்டு, மத்தியானம்தான் தலையைச் சாய்ப்பாள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மணி இரண்டே முக்கால் இருக்கும். சிவந்த கண்ணோடு, நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள்.

“சொல்லு ஜெயந்தி.”

“இல்லக்கா... தெனமும் ரெண்டு மணிக்கு என்னா இடிக்கிறீங்க? இஞ்சி பூண்டா?”

எனக்குப் புரியவில்லை.

“மசாலாப் பொடி ஏதாச்சும் ஆர்டர் எடுத்துச் செய்றீங்களோன்னு நெனச்சேன். அப்படின்னா எனக்கும் கால் கிலோ குடுங்க. ஆனா இடிக்கிறத மட்டும் கொஞ்சம் வேற நேரத்துல வெச்சுக்குங்கக்கா. ரெண்டு மணிக்குத்தான் எனக்கு நல்லா அசரும்.”

என் கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கிக்கொண்டிருந்தது. முகம் சூடானது. எந்த ஒருத்தியின் தூக்கம் கெட்டுவிடக் கூடாது என்று ஒன்றே கால் வருடமாக ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனோ, அந்த ஒருத்திதான் எதிரில் நிற்கிறாள்!

“அது... இஞ்சி இல்ல ஜெயந்தி. பியானோ.”

அவள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால், ஹாலுக்குள் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

“பியானோன்னா பாட்டு வருமே?”

*

வாசகர்களே, உங்களிடமும் இதைச் சொல்லவில்லை. மன்னியுங்கள்.

தொடர்ந்து எழுதிவரும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் நான் எதைத்தான் மறைத்திருக்கிறேன்? என் பெண் ஆதிரை மூக்குக்குள் பட்டாணியைப் போட்டுக்கொண்டதைச் சொன்னேன். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் செய்திக்குக் கும்பிடும் கையைப் போட்டு, இரங்கல் தெரிவித்தது மாதிரி ஆனதைச் சொன்னேன். பியானோவைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதவில்லை. ஏன்? சொல்லிவிட்டு, பிறகு விட்டுவிட்டால்? முப்பத்து மூன்று வயதில் இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்டுவிட்டால்? நீங்கள் கேட்கமாட்டீர்கள், தெரியும். ஆனாலும் நானே உங்கள் சார்பில் கேட்டு, நானே உங்கள் சார்பில் முகம் சுளித்து, நானே வாயை மூடிக்கொண்டேன்.

எனக்கு அதுதான் வழக்கம். அடுத்தவர் மனதில் இருப்பதை அவரைக் கேட்காமலே முடிவு செய்துவிடுவேன். இந்தக் கதை முழுக்க அதுதான்.

பியானோ நான் வாங்கியது இல்லை. என் கணவர் செந்திலின் நண்பர் குடும்பம் பிரான்சுக்கே போய்ச் செட்டில் ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் ஊரில் இது புதிதில்லை. போகிறவர்கள் தொட்டிச் செடியை ஒருவருக்கும், அம்மிக்கல்லை ஒருவருக்கும் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்களுக்கு வந்தது ஒரு டிஜிட்டல் பியானோ. முழு அளவு. எண்பத்தெட்டுக் கட்டை. கூடவே ஒரு ஹெட்ஃபோன். “ஆறு மாசம் வெச்சிருங்க” என்றார்கள். பிறகு போன் செய்து, “நீங்களே வெச்சுக்குங்க” என்றார்கள். மடித்த துணியை அடுக்கி வைக்க அவ்வளவு வசதியான மேஜை எங்கள் வீட்டில் அதற்கு முன் இருந்ததில்லை.

ஒரு நாள் தூசி தட்டும்போது பிளக்கைச் சொருகி, ஒரே ஒரு கட்டையை அழுத்தினேன். சத்தம் எழுந்தது. எழுந்து, மெல்ல மெல்லக் குறைந்து, இன்னும் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத ஓர் இடத்துக்கு வந்தது. கையில் துடைக்கும் துணியோடு அதன் கடைசி வரைக்கும் நின்று கேட்டேன். அன்றைக்கு வேறு எதையும் கடைசி வரைக்கும் செய்ததாக ஞாபகம் இல்லை. குழந்தை வைத்திருப்பவர்களுக்குப் புரியும்.

மறு வாரமே டீச்சரைத் தேடிப் போனேன். யோசித்தால் போகமாட்டேன் என்று தெரிந்ததால் யோசிக்காமல் போனேன்.

டீச்சர் பெயர் நதாலி. வைத்திக்குப்பத்தை ஒட்டிய தெருவில் வீடு. பிரான்சில் சில வருடம் பியானோ படித்துவிட்டு ஊர் திரும்பியவர். வயது இருபத்தாறு. அதாவது என்னைவிட ஏழு வயது சின்னவர். அவர் என்னை ‘அக்கா’ என்பார். நான் அவரை ‘மிஸ்’ என்பேன். முதல் நாள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. இப்போது பழகிவிட்டது.

சனிக்கிழமை காலை பத்து மணி என் நேரம். ஆதிரையைச் செந்திலிடம் விட்டுவிட்டு, ஸ்கூட்டரில் பாலத்தைத் தாண்டிப் போவேன். பாலம் தாண்டும் வரை, கேஸை அணைத்தேனா என்று யோசிப்பேன். தாண்டிய பிறகு, போன வாரப் பாடத்தைச் சரியாகப் படித்தேனா என்று யோசிப்பேன். இதைத்தான் நான் முன்னேற்றம் என்கிறேன்.

வீட்டில் பயிற்சி மத்தியானம் இரண்டு முதல் மூன்று வரை. ஆதிரை எல்.கே.ஜி. முடிந்து வந்து, சாப்பிட்டுத் தூங்கும் நேரம். கீழே ஜெயந்தி தூங்கும் நேரம். வால்யூமை முழுதாக வைத்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டால் உலகத்தில் யாருக்கும் தொந்தரவு இல்லை. எனக்கு மட்டும் ஒரு கச்சேரி.

இப்படித்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

*

ஜெயந்தி மாடியேறி வருவதற்கு மூன்று நாள் முன்பு, அந்தச் சனிக்கிழமை, நதாலி மிஸ் ஒரு புது வேலை செய்தார்.

எப்போதும் ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருவார். அன்றைக்கு எழுந்து, ஹாலின் மறு கோடிக்குப் போய் உட்கார்ந்தார். காரணம் இருந்தது. வருடத்துக்கு ஒரு முறை தன் மாணவர்கள் எல்லோரையும் பெற்றோர் முன்னால் வாசிக்க வைப்பார். அதற்கு அவர் வைத்த பிரெஞ்சுப் பெயர் ‘ஒதிஸியோன்’. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு பேர் பட்டியலில் என் பெயரும் இருந்தது. மீதிப் பதினோரு பேரில் மூத்தவளுக்கு வயது பதினான்கு.

நான் வாசிக்க வேண்டியது ஒரு மினுவே. பழைய காலத்து நடனத்துக்கான இசை. மூன்று மூன்றாக எண்ணும் தாளம். இரண்டு நிமிடம்கூட வராது. வாசித்து முடித்துத் திரும்பினேன்.

“ஆரம்பிங்கக்கா” என்றார் மிஸ்.

“முடிச்சுட்டேன் மிஸ்.”

 மிஸ் எழுந்து வந்தார்.

உண்மையைச் சொன்னால், சிக்கல் முன்பே தெரிந்ததுதான். மிஸ் வீட்டு மரப் பியானோவில் நான் வாசித்தால் அங்கங்கே சில சுரங்கள் வராது. விரல் இறங்கும், சத்தம் இருக்காது. கடற்கரைப் பக்கத்து வீடு, உப்புக்காற்று, மரக் கட்டைகள் ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன என்று இருவரும் முடிவு கட்டியிருந்தோம். ஈரம் போக அந்தப் பியானோவுக்குள் எப்போதும் ஒரு சின்ன பல்ப் எரியும். எனக்காக அதை மாற்றிப் பெரிய பல்ப் போட்டார். சென்னையிலிருந்து சரிபார்க்க ஆள் வந்தார். எல்லாக் கட்டையையும் தட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு குறையும் இல்லையே” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகும் நாங்கள் காற்றைத்தான் திட்டினோம்.

“அக்கா, வீட்டுல வால்யூம் எவ்ளோ வெப்பீங்க?”

“ஃபுல்லா.”

“ஃபுல்லா வெச்சு?”

“ஹெட்ஃபோன் மாட்டிக்குவேன்.”

நதாலி மிஸ் நெற்றியில் கை வைத்தார். “ஒலலா! அதான். காதுக்குள்ள ஃபுல் வால்யூம். நீங்க கட்டையத் தடவிக் குடுத்தாலே உங்களுக்குப் பெருசாக் கேக்கும். கை அதையே பழகிடுச்சு. நெஜப் பியானோவத் தடவினா அது எப்படிப் பேசும்? வீட்டுல யாரு தூங்குறாங்க?”

“பொண்ணு. அப்புறம் கீழ் வீட்டு நர்ஸ்.”

“இங்க யாரும் தூங்கலக்கா.”

சாதாரணமாகத்தான் சொன்னார்.  ஒன்றே கால் வருடம். ஒரு நாள் தவறாமல். வீட்டுப்பாடம் செய்யாமல் ஒரு சனிக்கிழமைகூடப் போனதில்லை. அத்தனையும் சத்தமே வராமல் வாசிக்கக் கற்றுக்கொண்டதா?

“மிஸ், என் பேர எடுத்துடுங்களேன். எல்லாம் சின்னப் பிள்ளைங்க. நடுவுல நான் எதுக்கு... அவங்க நேரத்தை நான் எடுத்துக்கிட்ட மாதிரி...”

“சரி, எடுத்துடறேன்.” உடனே சொன்னார். நான்தான் திடுக்கிட்டேன். “ஆனா இப்ப இல்ல. அடுத்த சனிக்கிழமைக்குள்ள ஒரு மெசேஜ் போடுங்க. அதுவரைக்கும் வீட்டுல வால்யூமக் கொறைச்சு வெச்சு வாசிங்க. உங்க காதுக்கே கேக்கலன்னா கை தானா அழுத்தும்.”

தெருவில் வந்து ஸ்கூட்டரை எடுத்தேன். மிஸ் வீட்டுக்கு எதிரே, வாதாமர நிழலில் ராணி கூடையை வைத்துக்கொண்டு மீன் விற்பாள். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவளிடம் சங்கரா வாங்கிக்கொண்டு போவது வழக்கம். அன்றைக்கு அவளாக ஆரம்பித்தாள்.

“ஏம்மா, ஒண்ணு கேக்கவா? மத்த பசங்க வாசிக்கிறது எல்லாம் இங்க வருது. நீ உள்ள போனா மட்டும் ஒரு சத்தமும் காணோம். டீச்சரு உன்ன உக்கார வெச்சுக் கதை பேசுதா?”

மீன் வாங்காமல் வந்துவிட்டேன்.

*

சொல் பேச்சுக் கேட்பதில் என்னை மிஞ்ச முடியாது. திங்கட்கிழமையே வால்யூமைக் கால் பங்குக்குக் குறைத்தேன். கேட்கவில்லை. அழுத்தினேன். இன்னும் அழுத்தினேன். மூன்றாவது தடவை வாசிக்கும்போது தோள் வலித்தது. பலே, இதுதான் பயிற்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஜெயந்தி மாடியேறி வந்தாள். இஞ்சி பூண்டு கேட்டாள்.

இப்போது அந்த வாசற்படிக்குத் திரும்புகிறோம்.

உள்ளே அழைத்து வந்து காட்டினேன். ஹெட்ஃபோன் எனக்கு. வெளியே என்ன வருகிறது? பிளாஸ்டிக் கட்டைகள் அடியில் போய் இடிக்கும் சத்தம். டொக். டொக் டொக். அது பியானோவின் கால் வழியாகத் தரைக்குள் இறங்கி, ஜெயந்தியின் தலைக்கு மேல் போய் முடிகிறது. ஒன்றே கால் வருடமாக.

“அப்பல்லாம் லேசாத்தான் இருந்துச்சு. தாங்கிக்கிட்டேன். நேத்துலேர்ந்து என்னாச்சுக்கா, ஓங்கி இடிக்கிறீங்க?”

“ஐயோ, ஸாரிம்மா. ஒன்னையத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னுதான் ஹெட்ஃபோனே மாட்டுறேன்...”

“பாட்டு கேட்டா நான் தூங்கிடுவேன்க்கா! வார்டுல மானிட்டர் கத்திக்கிட்டே இருக்கும், அதுலயே நின்னபடி தூங்குற ஆளு நானு. இந்த டொக்கு டொக்குதான்... ஒண்ணு விழுந்ததும் அடுத்தது எப்ப விழும்னு காத்துக்கிட்டே படுத்திருக்கேன்.” கொட்டாவி விட்டாள். “ஹெட்ஃபோனக் கழட்டிட்டு வாசிங்களேன்.”

எவ்வளவு எளிது! நீங்களாக இருந்தால் அந்த நிமிடமே கழற்றியிருப்பீர்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவள் மரியாதைக்காகச் சொல்கிறாள் என்று முடிவு செய்தேன். பீரோவிலிருந்து இரண்டு போர்வைகளை எடுத்து, நாலாக மடித்து, பியானோவின் காலடியில் சொருகினேன். அதன்மேல் ஆதிரையின் பழைய மெத்தை. பியானோ லேசாகச் சாய்ந்து நின்றது.

ஆபீஸ் விட்டு வந்த செந்தில் அதைச் சுற்றிப் பார்த்தார். “என்னாது, பியானோவுக்குப் பிரசவமா?”

“ஜெயந்திக்குச் சத்தம் போவுதாம்.”

“அவதான் கழட்டிட்டு வாசிக்கச் சொன்னான்னு சொல்றியே?”

“சொல்லுவா. அதுக்காக நாம செஞ்சுடுறதா?”

அவர் மெத்தையை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு, போய் டீயைக் குடித்தார்.

*

வெள்ளிக்கிழமை ஆதிரையின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு. கிளாஸ் டீச்சர் ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

“உங்க பொண்ணு செம சுவாரசியம் மேடம். வீட்டுல அம்மா என்ன பண்ணுவாங்கன்னு எல்லாப் பிள்ளைங்களையும் கேட்டோம். எங்கம்மா பியானோ வாசிப்பாங்கன்னு சொன்னா. எப்படி வாசிப்பாங்க, பாடிக் காமின்னு சொன்னேன். ஆதிரை, அம்மாவுக்கும் செஞ்சு காட்டும்மா.”

ஆதிரை சின்ன மேஜைமுன் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முழங்கையை என்னை மாதிரியே உயர்த்திக்கொண்டாள். உதட்டை என்னை மாதிரியே கடித்துக்கொண்டாள். நான் எண்ணுவது போலவே வாய்க்குள் “ஆன், தெ, த்ருவா” என்று மிஸ்ஸின் பிரெஞ்சு எண்ணிக்கையைச் சொன்னாள். பிறகு மேஜையை விரலால் தட்டினாள்.

டொக். டொக் டொக்.

தாளம் துல்லியமாக இருந்தது. மினுவேதான். பாட்டு மட்டும் இல்லை.

வகுப்பிலிருந்த மற்ற அம்மாக்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

ஆனால் ஸ்கூட்டர் ஸ்டாண்டுக்கு வந்த பிறகு சாவியைப் போட முடியவில்லை. சமையலறையில் மிக்ஸி ஓடுகிறது. குக்கர் விசில் அடிக்கிறது. வாஷிங் மெஷின் வீட்டையே தூக்கிக்கொண்டு போகிற மாதிரி உறுமுகிறது. இவற்றுக்கெல்லாம் நான் யாரிடமாவது ஸாரி சொன்னேனா? காலை ஆறு மணிக்குத் தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது ஜெயந்தியின் தூக்கம் என் நினைவுக்கு வந்ததுண்டா? இல்லை. அதெல்லாம் வீட்டுக்காக எழுப்பும் சத்தம். அதற்கு எனக்கு உரிமை உண்டு. எனக்காக எழுப்புகிற ஒரே ஒரு சத்தத்தை மட்டும் நான் காதுக்குள் போட்டு மூடி வைத்திருக்கிறேன். அதனால் என் பெண் தன் அம்மாவின் இசை என்று பிளாஸ்டிக் இடிக்கும் சத்தத்தை மனப்பாடம் செய்து வைத்திருக்கிறாள்.

அங்கேயே நின்று மிஸ்ஸுக்கு மெசேஜ் போட்டேன். ‘பேரை எடுக்க வேண்டாம் மிஸ். வாசிக்கிறேன்.’

அனுப்பியதும் வழக்கம்போல நான்கு முறை திறந்து பார்த்தேன். அழித்துவிடலாமா? நீல டிக் விழுந்துவிட்டது. நல்ல வேளை.

*

மறுநாள் வகுப்பில் மிஸ் தெருப்பக்க ஜன்னலை முழுதாகத் திறந்து வைத்திருந்தார்.

“ராணியக்காவுக்குக் கேக்கணும். கேக்குதுன்னு அவங்க சொல்ற வரைக்கும் இந்த முதல் நாலு வரிதான். நிறுத்தக் கூடாது. அலே, ஆரம்பிங்க!”

வாசித்தேன். மிஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்துக் கத்தினார். “ராணியக்கா! கேக்குதா?”

“இன்னாது?”

“பியானோ!”

“காக்கா கத்துறதுதான் கேக்குது!”

மறுபடி. மிஸ் என் பின்னால் வந்து, என் முழங்கையைக் கீழிருந்து தூக்கி, திடீரென்று விட்டார். கை பொத்தென்று விழுந்தது. அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். “பாத்தீங்களா? விரலால குத்தாதீங்க. தோளுலேர்ந்து கனத்தக் கீழ விடுங்க. சப்பாத்தி மாவு பிசையும்போது விரல் நுனியாலயா பிசைவீங்க?”

மாவு பிசைவது எனக்குத் தெரியும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. தோளை விட்டேன்.

“இப்ப?” என்று கத்தினார் மிஸ்.

“ஏதோ வருது! யாரோ வூட்ல டிவி மாதிரி!”

ஆறாவது முறை, ஏழாவது முறை. ஒவ்வொரு தப்புக்கும் நான் “ஸாரி” என்றேன். மிஸ்ஸிடம் இல்லை, பியானோவிடம்! சொல்லிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். நான் வீட்டிலிருந்தபடி பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். தப்பைக் கண்டால் நின்று, அடித்து, சரியாக எழுதி, பிறகுதான் அடுத்த வரிக்குப் போகத் தெரியும். மிஸ் அதைக் கவனித்தார்.

“அக்கா, வாய் ஸாரி சொன்னா சொல்லிட்டுப் போவட்டும். கை மட்டும் நிக்க வேணாம்.”

வியர்த்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தேன். எத்தனையாவது முறை என்று மறந்துபோன ஒரு முறை, தெருவிலிருந்து குரல் வந்தது.

“கேக்குது! கேக்குது! நல்லாத்தான் கேக்குது! ஏன் இந்த ஓட்டம் ஓடுது, நாயி தொரத்துதா?”

நதாலி மிஸ் தரையில் உட்கார்ந்து சிரித்தார். ‘பாட்டு கேட்கிறது’ என்று ஒப்புக்கொண்ட பிறகு என்மேல் வந்த முதல் புகார் அதுதான். எனக்குப் பிடித்திருந்தது. அன்றைக்கு இரண்டு வாரத்துக்கும் சேர்த்து மீன் வாங்கினேன்.

அடுத்த மூன்று வாரமும் ஒரு நாள் விடவில்லை; வீட்டில் மட்டும் இன்னும் அதே ஹெட்ஃபோனும் போர்வையும்தான். ஆதிரைக்குக் காய்ச்சல் வந்த இரண்டு நாளும்கூட, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து என் தொடையையே கட்டையாக வைத்து இடது கையைப் பழகினேன். இது சரியா, காய்ச்சல் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து ஓர் அம்மா மினுவே எண்ணலாமா என்று கேட்டுக்கொண்டேன்.  எண்ணுவதை மட்டும் நிறுத்தவில்லை.

*

போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஒதிஸியோன்.

மிஸ் வீட்டு ஹாலில் முப்பது நாற்காலி. நான் ஏழாவது. ஆறாவதாக வாசித்த பையன் முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, “பயப்படாதீங்க ஆன்ட்டி, சும்மா வாசிங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனான்.

முன் வரிசையில் செந்தில் மடியில் ஆதிரை. கடைசி வரிசையில், தலை நிறையப் பூவோடு, நல்ல புடவையில் ராணி. மிஸ் என் காதில் சொன்னார்: “கடைசி வரிசைக்குக் கேக்கணும்.”

உட்கார்ந்தேன். தோளை விட்டேன்.

முதல் பகுதி என் வாசிப்பு என்று என்னாலேயே நம்ப முடியவில்லை. ஹால் முழுக்கச் சத்தம். சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டாவது பகுதியில், இடது கை தாவவேண்டிய இடத்தில், பக்கத்துக் கட்டையில் போய் விழுந்தது. மெதுவாக விழுந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் கற்றுக்கொண்டிருந்ததோ கனத்தோடு விழ! தப்பு ஹாலெங்கும் கணீரென்று கேட்டது.

வாய் “ஸாரி” என்றது. முன் வரிசைக்குக் கேட்டிருக்கும்.

கை நிற்கவில்லை.

முடித்தேன். கைதட்டினார்கள். எழுந்து நடந்தேன். ராணி வழியிலேயே பிடித்துக்கொண்டாள். “கேட்டுச்சும்மா. நடுவுல ஒரு எடத்துல வழுக்குன. ஆனா பொடவைய ஒதறிக்கிட்டு எழுந்து போயிட்ட!”

நான் காத்திருந்தது ஆதிரையின் பதிலுக்கு. அவளுக்காகத்தானே இந்தப் பாடு? குனிந்து கேட்டேன். “எப்படிம்மா இருந்துச்சு?”

அவள் கேக்கைக் கடித்துக்கொண்டே ஹாலைச் சுற்றிப் பார்த்தாள்.

“நீ எப்பம்மா வாசிப்ப?”

“இப்பத்தானே வாசிச்சேன், பாப்பா!”

“அது இல்ல.” சலித்துக்கொண்டாள். “உன்னோடது. டொக் டொக்.”

செந்தில் கேக் தட்டை வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. சிரிப்பில்தான்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவள்மேல் என்ன தப்பு? தினமும் எதைக் கேட்டுக்கொண்டு தூங்கினாளோ, அதுதான் அவளுக்கு அம்மாவின் பாட்டு. அந்நிய ஹாலில், அந்நியப் பியானோவில், ஒரு மாலையில் அதை மாற்றிவிடலாம் என்று நினைத்தது யார்? இதை வீட்டில்தான் சரிசெய்ய வேண்டும். தினமும். இரண்டு மணிக்கு.

திங்கட்கிழமை போர்வைகளை உருவி எடுத்தேன். மெத்தையைக் கட்டிலடியில் தள்ளினேன். பியானோ நேராக நின்றது. பிறகு கீழே இறங்கிப் போய், என் வாழ்க்கையில் முதல் முறையாக, முடிவு செய்வதற்கு முன்னால் கேட்டேன்.

“ஜெயந்தி, ரெண்டு மணிக்கு ஹெட்ஃபோன் இல்லாம வாசிக்கப் போறேன். நெஜமாவே பரவால்லியா?”

“எட்டு தடவ சொல்லணுமாக்கா? போய் வாசிங்க.”

ஹெட்ஃபோன் வயரைப் பிடுங்கினேன். முதல் சுரம் எழுந்ததும் படுத்திருந்த ஆதிரை எழுந்து ஓடி வந்தாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்று, கட்டைகளையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பியானோவின் ஓரத்தில் காதை வைத்தாள்.

“அம்மா! டொக் டொக்குக்குள்ளேர்ந்து பாட்டு வருது!”

அன்றைக்கு அவள் தூங்கவே இல்லை. மூன்று மணி வரைக்கும் காதை எடுக்கவில்லை. நானும் நிறுத்தவில்லை. எத்தனை தப்பு என்று எண்ணவும் இல்லை.

நான்கரைக்கு ஜெயந்தியிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. ‘அக்கா சூப்பர். ரெண்டாவது நிமிஷமே தூங்கிட்டேன்.’

என் வாசிப்புக்கு வந்த முதல் எழுத்துப்பூர்வ விமர்சனம். பாராட்டா, இல்லையா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கீழே போய்க் கேட்டுவிட்டால் ஆயிற்று!